பழப்புளி போட்டு மினுக்கின சதம்

பழைய செம்புக் காசுக்கு அதில ஏறியிருக்கிற கபில நிறம்தான் உயிர். தேச்சு மினுக்கினால் காசு செத்துப்போச்சு. இதைச் சொன்னா எங்கட வீட்டில ஆருக்கு விளங்கும்?

தொண்ணூறுகளில, நாட்டை விட்டு வந்த புதுசில, மல்வேர்னில இருந்தம். ஃபக்டரி வேலை முடிஞ்சு வந்தா, எனக்கெண்டு இருந்தது பழைய அமெரிக்கச் செம்புச் சதக் காசுகள் மட்டும்தான். டொலர்க் குத்திக்காசை விடப் பெரிசு, தலைமயிர் விரிச்ச ஒரு பொம்பிளையின்ர முகம், இருநூறு வருசப் பழசு. 'விசர் வேலை' எண்டார் என்ர மனுசன். அவர் சனிக்கிழமையளில சீட்டுக் கடுதாசி விளையாடுறது மட்டும் விசர் இல்லையாக்கும்!

காசு சேர்க்கிற ஆக்களின்ர சங்கத்துக்கு முதல்முதல் போனபோது, 'ஆரையும் தேடி வந்தனீங்களோ?' எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கேட்டார். பல்லைக் கடிச்சுக்கொண்டு மாதாமாதம் போனன். ஒருநாள் பழஞ்சாமான் சந்தையில, பிஸ்கட் ரின்னுக்குள்ள ஒரு சதம் அகப்பட்டுது. காசின்ர பின்பக்கத்தில இருக்கிற இலையின்ர நுனி எந்த எழுத்துக்குக் கீழ முடியுதெண்டு பாத்துத்தான் உதுகளை இனம் பிரிக்கிறது. இது லேசில கிடைக்காத இனம். அதே கிழவர் பூதக்கண்ணாடியால கனநேரம் பாத்தார். 'நிறத்தில ஒருத்தரும் கைவைக்கேல்லை. கண்காட்சியில உங்கட பேரோட கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பம்' எண்டார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

கண்காட்சிக்கு முன்னம் பொங்கல் வந்துது. மனுசனின்ர தாய், என்ர மாமி, அந்த மாரிகாலத்திலதான் ஊரிலயிருந்து வந்தவ. நான் வேலைக்குப் போன நேரம் குத்துவிளக்கு, செம்பு எல்லாத்தையும் பழப்புளி போட்டு மினுக்கியிருக்கிறா. மிஞ்சின புளியை வீணாக்குவானேன்? வந்து பாத்தா, கண்காட்சிக்கெண்டு அலுமாரித் தட்டில எடுத்து வைச்ச என்ர சதம் சுவாமிப் படத்துக்கு முன்னால, வெத்திலைக்கு மேல, நேற்று அடிச்ச காசு மாதிரி மினுங்குது.

'ஊத்தை பிடிச்சுக் கிடந்தது பிள்ளை. இப்ப பாத்தியே, பவுன் மாதிரி!'

'இனிக் கூட விலை போகும்' எண்டு மனுசன் சிரிச்சார். மாமியின்ர விரல் நுனியெல்லாம் புளியில ஊறி வெளிறிப்போயிருந்தது.

எண்டாலும் சதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனன். கிழவர் ஒரு பார்வைதான் பாத்தார். 'எந்த முட்டாள் இதை மினுக்கினது?'

'நான்தான்' எண்டன். அந்தாளுக்கு முன்னால மாமியை விட்டுக்குடுக்க மனம் வரேல்லை. கண்ணாடிப் பெட்டியில வேற ஆரின்ரயோ காசு ஏறிச்சுது. பிறகு நான் அந்தப் பக்கம் போகேல்லை.

அடுத்த பொங்கலுக்கும் மாமி புளியைக் கரைச்சு வைச்சுக்கொண்டு கூப்பிட்டா. 'பிள்ளை, உன்ர மற்றக் காசுகளையும் கொண்டா. ஒருக்காத் தேச்சு விடுறன்.'

மாமிக்கெண்டாலும் பவுனா மினுங்கட்டுமெண்டு, சதங்கள் கிடந்த ரின்னோட கொண்டுவந்து குடுத்தன்.