றெஜினா அக்கா போட்டுக்கொள்ளாத ஊசி

செய்தி வந்தபோது நான் பிரான்சின் லா சப்பலில், சேலைக் கடையின் பின்னறையில் ஒரு சேலைச் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். றெஜினா அக்காவின் மகள் அனிற்றா தொலைபேசியில் "அக்கா, அம்மா போயிட்டா" என்றாள். "எங்கை?" என்று கேட்டேன். என் மூளை அவ்வளவு மந்தம். பியர்ஃபித்தில் இருக்கும் தன் வீட்டில், குசினிக் கதிரையில், தேத்தண்ணீரைக் கையில் எடுக்கும்போதே நெஞ்சு அடைத்துவிட்டதாம். நோகிறது என்று ஒரு சொல் சொல்லவில்லையாம். இருபது வருடமாக மற்றப் பெண்களின் நோவை வைத்தியர்களுக்கு எடுத்துச் சொன்ன மனுசி, தன் நோவை ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகமாக அச்சிடும் இந்தக் கல்வெட்டில் எழுதும்படி அனிற்றாதான் கேட்டாள். "அம்மாவைப் புகழ வேண்டாம், நடந்ததை எழுதுங்கோ" என்றாள். புகழ்ச்சி எனக்கும் வராது. ஆனால் நடந்ததை எழுதினால் என் வீட்டுக்குள்ளேயே ஒரு பொய் உடையும். பதினொரு வருடமாக நான் பத்திரமாக வைத்திருந்த பொய் அது. மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு நாலாம் தரம் எழுதுகிறேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் வேலை தெரியும். காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வார். அதன்பிறகு, பிரெஞ்சு தெரியாத எங்கள் பெண்களுடன் பிள்ளைப்பேற்று அறைக்குள் போய் மொழிபெயர்ப்பார். ஆரம்பத்தில் தெரிந்தவர்களுக்காகப் போனார். பிறகு ஆஸ்பத்திரியே கூப்பிடத் தொடங்கியது. அங்கே மருத்துவிச்சிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். வலி எத்தனை, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல். எங்கள் பெண்களுக்கு இது விளங்காத கணக்கு. மாமியார் கட்டிலடியில் நிற்கும்போது பத்து என்று சொல்ல எவளுக்கு வாய் வரும்? செவ்ரானிலிருந்து வந்த ஒரு பெண் "ரெண்டு" என்றாளாம். அக்காவும் அப்படியே இரண்டு என்று சொன்னார். இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் வாகனத் தரிப்பிடத்தைத் தாண்டுவதற்குள் காரிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் எண்ணை மட்டும் சொல்வதை விட்டுவிட்டார். "வாய் ரெண்டு எண்டு சொல்லுது. கால்விரலைப் பாருங்கோ" என்று மருத்துவிச்சிக்குப் பிரெஞ்சில் சொல்லுவார். வாயை அடக்கப் பழகிய பெண்ணுக்கும் கால்விரலை அடக்கத் தெரியாது, அது சுருண்டு மடங்கிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. மருத்துவிச்சிகள் முதலில் சிரித்தார்களாம். பிறகு தமிழ்ப் பெண் வந்தால் போர்வையைக் காலடியில் கொஞ்சம் விலக்கிப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

நோவைக் குறைக்க முதுகில் போடும் ஊசியை எல்லோருக்கும் போட வைப்பவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலாவியது. அது சுத்தப் பொய். எபினேயில் இருக்கும் ஒரு பெண், முதுகு ஊசி வேண்டவே வேண்டாம், நடந்து நடந்தே பெறுவேன் என்று நின்றாள். மருத்துவிச்சி திரும்பத் திரும்பக் கேட்டபோது அக்கா, "மூண்டு தரம் வேண்டாம் எண்டிட்டாள். மூண்டு தரமும் சொல்லிப்போட்டன். இனிக் கேக்காதேங்கோ" என்று அந்த மருத்துவிச்சியையே அதட்டியிருக்கிறார். அந்தப் பெண் குந்தியிருந்து பெற்றாள், பெற்ற கையோடு தோசை கேட்டாள். தன் வாழ்நாளில் அதைவிடச் சந்தோசமான நாள் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுகிறாள். நான் நம்புகிறேன்.

இனி என் கதை. பிரான்சுக்கு வந்து ஒரு வருடத்தில் எனக்குக் குழந்தை உண்டானது. பிரெஞ்சில் "வணக்கம்", "நன்றி" தவிர வேறொன்றும் தெரியாது. என் மாமி ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவர். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு நிமிராது என்பது அவர் கட்சி. எனக்கோ மாமியிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற பைத்தியம். அதனால் எட்டாம் மாதத்தில் அக்காவின் கையைப் பிடித்துக் கேட்டேன், "அக்கா, நான் உள்ளுக்கை போய் என்ன கத்தினாலும், ஊசி கேட்டால் மட்டும் மொழிபெயர்க்காதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "உன்ரை வாயிலை என்ன வருதோ அதைச் சொல்லுறதுதான் என்ரை வேலை பிள்ளை. இப்ப நோகாமல் இருக்கிற நீ, அப்ப நோகப்போற உனக்குச் சட்டம் போடாதை" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சும்மா சொல்லுகிறார், அறைக்குள் வந்தால் எனக்காக நிற்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளை எழுதக் கை கூசுகிறது. கணவர் உணவகத்தில் வேலையில் நின்றார். மாமி வெளியே நடைவழியில் செபமாலை போல ஒரே தேவாரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவும் நானும் மருத்துவிச்சியும். ஏழு மணித்தியாலம் பொறுத்தேன். அதற்குப் பிறகு என் உடம்பு என்னுடையதாக இருக்கவில்லை. இரண்டு குத்துக்கு நடுவில் மூச்சு எடுக்கும் நேரம்கூடக் கிடைக்கவில்லை. செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். அது சும்மா பேச்சுக்கு அல்ல, உண்மையாகவே நினைத்தேன். "அக்கா, ஊசி" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். ஊசி போட்டு இருபது நிமிடத்தில் நான் அழுதேன், நோவினால் அல்ல. மகன் பிறந்தபோது அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தேன்.

பிறகு வந்தது வெட்கம். அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாமிக்குச் சொல்லாதேங்கோ. இதுக்காவது சத்தியம் பண்ணுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் என் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். என் நெற்றியில் சிலுவை போட்டார், நான் சைவம் என்று தெரிந்தும். "ஓம், சொல்லமாட்டன்" என்றார்.

மகன் பிறந்த முப்பத்தோராம் நாள், தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவுக்கு வீடு நிறையப் பெண்கள். பிள்ளை பார்க்க வந்தவர்கள் தங்கள் தங்கள் நோவைக் கடை விரித்தார்கள். ஒருத்திக்கு அது மாதத்து வயிற்றுக்குத்து மாதிரித்தானாம், இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டதாம். இன்னொருத்தி ஊசி கேட்டும் நேரம் பிந்திவிட்டதால் கிடைக்கவில்லை. இப்போதும் கனவில் அந்த அறை வந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவாளாம். ஊசி போட்டவள் ஒருத்தி கோப்பைகளைக் கழுவும் சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். மாமி என் தலையைத் தடவி, "என்ரை மருமோள் ஊசியும் இல்லை, ஒண்டும் இல்லை. சத்தமே கேக்கேல்லை" என்றார். நான் தலையைக் குனிந்தேன். எல்லோரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். அக்கா கடலை வடையைப் பிய்த்தபடி சொன்னார், "ஒருத்தியின்ரை நோவை மற்றவளின்ரை முழத்தாலை அளக்காதேங்கோ." அவ்வளவுதான். என்னைப் பார்க்கவேயில்லை.

அந்தப் பொய் ஐந்து வருடத்தில் இன்னொருத்தியின் பிள்ளைப்பேற்றுக்குள் வந்து நின்றது. என் கணவரின் தங்கை தர்சினி கலியாணமாகி வந்து, முதல் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடப் போனது றெஜினா அக்கா. அவளுடைய கணவர் உள்ளே போய் மயங்கி விழுந்ததால் வெளியே இருத்திவிட்டார்கள். செய்தி வருமட்டும் வீட்டில் இருக்க முடியாமல் மாமி என் தையல் அறைக்கு வந்து, என் முழங்காலில் முட்டும்படி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னேரம் மூன்று மணிக்கு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தார். குரல் அவசரமாக இருந்தது.

"பிள்ளை, இவள் முந்தநாளிலையிருந்து நோவோடை கிடக்கிறாள். பிறெஷர் ஏறிக்கொண்டு போகுது. ஊசி போட்டால் இறங்கும் எண்டு டொக்டர் சொல்லுறார். இவள் மாட்டன் எண்டு நிக்கிறாள். அண்ணி ஊசி இல்லாமல் பெத்தவா, நானும் பெறுவன் எண்டு ஒரே பிடி. டொக்டர் இன்னும் பத்து நிமிஷம்தான் இஞ்சை நிப்பார், பிறகு சத்திரசிகிச்சைக்குப் போயிடுவார். நான் வாய் திறக்க ஏலாது, சத்தியம் பண்ணினனான். நீ சொல்லு. இந்தா, அவளின்ரை காதிலை வைக்கிறன்."

தொலைபேசியில் தர்சினியின் மூச்சு கேட்டது. மரம் அறுக்கும் வாள் மாதிரி. "அண்ணி" என்றாள். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வசனம்தான், சொல்லியிருக்கலாம். எழும்பி வெளியே நடைபாதைக்காவது போயிருக்கலாம். நான் சொன்னது இது, "கடவுளை நினைச்சுப் பல்லைக் கடி தர்சினி. முடிஞ்சிடும்."

அக்கா தொலைபேசியைத் திரும்ப வாங்கினார். பிறகு, "சரி பிள்ளை, நீ தையலைப் பார்" என்று வைத்துவிட்டார்.

அன்று பொழுதுபடப் பெண் பிள்ளை பிறந்தது. தர்சினி ஊசி போட்டுத்தான் பெற்றாள். மாமிக்கு முகம் கறுத்துப்போனது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் மனம் எப்படி மாறியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம். அக்காவும் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. கடைக்கு வந்தால் வழக்கம்போல, "என்ன பிள்ளை, கண்ணுக்குக் கண்ணாடி போடன்" என்று திட்டிவிட்டுப் போவார். ஆறு வருடம் அப்படியே போனது.

செத்தவீட்டில்தான் தெரிந்தது. தர்சினி பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு மட்டும் சொன்னவா. தான் அனிற்றாவை முதுகு ஊசி போட்டுத்தான் பெத்தது எண்டு. நோவு தாங்க ஏலாமல் கெஞ்சினனான் எண்டு. என்னாலையே ஏலாமல் போனது, உனக்கென்ன பிள்ளை வெக்கம் எண்டு கேட்டவா. அதுக்குப் பிறகுதான் ஓம் எண்டனான்."

பக்கத்தில் நின்ற அனிற்றா குழம்பிப்போய்ப் பார்த்தாள். "என்ன ஊசி? அம்மா எங்கள் மூண்டு பேரையும் ஊரிலை, குருநகரிலை, சண்டைக்குள்ளை பெத்தவா. என்னைப் பெறேக்கை விளக்குக்கு எண்ணெய்கூட இல்லையாம். அங்கை ஆர் முதுகிலை ஊசி போட்டது?"

அப்போதுதான் அக்கா செய்தது எனக்கு விளங்கியது. எனக்குத் தந்த வாக்கையும் உடைக்காமல், அந்தப் பிள்ளையையும் விட்டுவிடாமல், என் வெட்கத்தைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். வாயில் வருவதைத்தான் சொல்லுவேன் என்று நின்ற மனுசி, எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதுவும் நான் செய்ததை, தான் செய்ததாக.

இதை அச்சுக்குக் கொடுக்க முன்பு தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். "அண்டைக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம் அண்ணி" என்றாள். ஓம், சொல்லியிருக்கலாம். அவள் இன்னும் என்னுடன் சரியாகக் கதைக்கவில்லை. அது நியாயம்தான்.

மாமி, நீங்கள் இதைப் பூசை முடிந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசிப்பீர்கள். உங்கள் பேரனின் முப்பத்தோராம் நாளில் நான் தலையைக் குனிந்தேன். றெஜினா அக்காவின் முப்பத்தோராம் நாளில் நிமிர்ந்து சொல்லுகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, வாயில் வருவதை அப்படியே சொல்லும் அந்த ஒரு பழக்கம்தான். எனக்கு முதுகு ஊசி போட்டது. நான்தான் கேட்டேன். அக்கா அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.