கவிழ்த்து வைத்த பாட்டில்

குற்றாலத்தில் சாரல் என்றால் இப்போதெல்லாம் அறையிலேயே சுருண்டு கிடக்கத்தான் பிடிக்கிறது. வயதாகிவிட்டதாம், வீட்டில் கேலி செய்கிறார்கள்; செய்யட்டும். போன வாரம் லாட்ஜ் ஜன்னல் வழியே பார்த்தேன். பின்பக்கத் தோட்டத்தில் யாரோ ஒரு குச்சியில் காலி பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு விளையாட்டாகச் செய்திருப்பார்கள். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. அச்சன்புதூரில் எங்கள் வயல் பக்கம் பூச்சிமருந்து அடித்தால், காலி பாட்டிலை வரப்பு முனையில் கம்பு நட்டுக் கவிழ்த்து வைப்பார்கள். இங்கே ஆடு மாடு மேய்க்காதே என்று அர்த்தம்.

பல வருஷம் முன்பு நான் தென்காசியில் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தங்கல் அச்சன்புதூரில் சித்தப்பா வீட்டில். சித்தி தட்டு நிறையப் போடுவாள், நானும் வெட்கமில்லாமல் சாப்பிடுவேன். சித்தப்பாவுக்கு அந்த வருஷம் இயற்கை விவசாயப் பித்து. சும்மா சொல்லக்கூடாது, காரணம் இருந்தது. மருந்தடித்து அடித்து அவர் கையெல்லாம் வெடித்திருந்தது. யூரியா கூட்டக் கூட்ட மண் இறுகிப்போயிருந்தது. இனி மூட்டை உரமே வேண்டாம் என்று, அறுத்த வயலில் கிடை போட மாடசாமியை வரச் சொன்னார். மாடசாமிக்கு நிலம் கிடையாது, செம்மறிகள்தான் எல்லாம். ராத்திரி அவை வயலில் அடைந்து கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம்.

கிடை வருமுன் சித்தப்பா சாக்கோடு வயலைச் சுற்றினார். வருஷக்கணக்காகக் கிடந்த மருந்து பாட்டில், டப்பா எல்லாவற்றையும் பொறுக்கினார். அந்த வேகத்தில், பக்கத்து வயல்காரர் உளுந்துக்கு அடித்துவிட்டுக் கம்பில் கவிழ்த்திருந்த பாட்டிலும் சாக்குக்குள் போய்விட்டது. எத்தனையோ முறை சித்தப்பாவே அப்படிக் கவிழ்த்து வைத்தவர்தான்.

மறுநாள் காலையில் மாடசாமி கிடையைக் கலைத்து, ஆடுகளை அந்த உளுந்து வயலின் வரப்புப் புல்லில் விட்டார். கடைக்குக் கிளம்பிய நான் சத்தம் கேட்டு, ஷூவோடு வரப்பில் வழுக்கி விழுந்து ஓடினேன். ஆடுகள் நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. ஈர ரோம வாடையும் மருந்து வாடையும் கலந்து வந்தன. பிழைத்தவை கொஞ்சம்தான்.

பாட்டில் வைத்தேன் என்று பக்கத்து வயல்காரர் சத்தியம் செய்தார். இல்லவே இல்லை என்று மாடசாமி அவர் சட்டையைப் பிடித்தார். சித்தப்பா நடுவில் போய் நின்றார்.

"நாந்தான் எடுத்தேன்."

மாடசாமி கையை விட்டார். "என்னத்துக்கு எடுத்திய அண்ணாச்சி?"

"நெலம் சுத்தமா இருக்கட்டும்னு."

சித்தப்பா கொடுக்கப் பார்த்த எதையும் மாடசாமி வாங்கவில்லை. பிறகு புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த நடவுக்குச் சித்தப்பா யூரியா மூட்டையோடு வந்து இறங்கினார்.

லாட்ஜைக் காலி செய்துவிட்டு அச்சன்புதூருக்குப் போனேன். சித்தப்பா இப்போது உயிரோடு இல்லை. வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் பாட்டிலை வாய்க்காலில் வீசினார். கம்பில் கவிழ்க்கவில்லையா என்று கேட்டேன்.

"யாருக்குண்ணே? இங்கன ஆடு எங்க வருது?" என்றார்.