கொழும்பில் படித்த அக்கா

வெள்ளவத்தையில், என் மகளின் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. எனக்கு கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறை நினைவுக்கு வந்தது. அங்கேதான் அக்கா அந்த நாற்றமுள்ள வாயுவின் குணங்களை உரக்க மனப்பாடம் செய்வாள். அவளுடைய பாடசாலை ஆய்வுகூடம் பூட்டியே கிடந்தது. இரசாயனத்துக்கு ஆசிரியரும் இல்லை.

அவள் பத்தாம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே ஹட்டன் மாமா அப்பாவிடம் கேட்டார்.

"மச்சான், புள்ளைய எங்க ஊரு ஸ்கூலுக்கு அனுப்புங்க. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற வெட்டுப்புள்ளி எங்க நுவரெலியா மாவட்டத்துக்குக் குறைவு."

"கொழும்ப விட்டுட்டு யாராவது மலைக்குப் படிக்கப் போவாங்களா?" என்று அப்பா சிரித்தார்.

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஒரே மாவட்டம் என்பதால் பெரிய கொழும்புப் பாடசாலைகளுக்கும் அவளுக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. மருத்துவ பீடம் கிடைக்கவில்லை என்று சில மாதங்களில் கடிதம் வந்தது. அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்தும், ஹட்டனில் படித்த மாமாவின் மகளுக்குக் கிடைத்தது.

அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழும்புல படிச்சேன்னு போட்டிருக்காங்க," என்றாள் அக்கா. "எங்க படிச்சேன், அப்பா?"

அப்பா கடிதத்தை மடித்து அலமாரிக்குள் வைத்தார்.

மகளின் பாடசாலை வாசலில் நான் அந்த வாயுவை உள்ளிழுத்தபடி நின்றேன். இதே தெருமுனை மருந்துக்கடையில், மாமாவின் மகள் எழுதியனுப்பும் சீட்டுகளுக்கு அக்கா மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.