யாரும் தொடாமல் நசுங்கிய டின்

பெரியபட்டினத்தில் ஆப்பம் சுட்டு விற்றுவந்த காலிதா, தன் எண்ணெய் டின்னைத் திருப்பி வாங்கத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். 1958-ஆம் வருஷம் அது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி. அறிவியல் டீச்சர் ராமலெட்சுமி தம்ளர், மெழுகுவத்தி, காலி டின் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கித்தான் பாடம் நடத்துவார்.

காலிதா வகுப்பு வாசலில் நின்றபோது, அடுப்பின் மேல் அவளுடைய டின்னுக்குள் கொஞ்சம் தண்ணீர் கொதித்து ஆவி வந்துகொண்டிருந்தது. டீச்சர் துணியால் பிடித்து அதை இறக்கினார். மூடியை இறுகத் திருகி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினார்.

படாரென்று ஒரு சத்தம். ஒருவரும் தொடாமலே டின் உள்வாங்கி நசுங்கியது. பிள்ளைகள் அலறியடித்து எழுந்தார்கள்.

“யா அல்லாஹ்!” காலிதா கதவைப் பிடித்துக்கொண்டாள். “யாரு டீச்சர் அமுக்குனது?”

“வெளிய இருக்க காத்துதாம்மா. உள்ள இருந்த காத்தை ஆவி தள்ளிருச்சு. தண்ணி பட்டதும் ஆவியும் அடங்கிப்போச்சு. எதுத்து நிக்க உள்ள ஒண்ணுமில்ல.”

காலிதா அந்தத் தகரத்தையே வெறித்தாள். “காத்தே இப்படின்னா, கடல் தண்ணி?”

“ஆழம் போகப்போக இதைவிட அழுத்தும். காதுதான் மொதல்ல அடி வாங்கும். சளி பிடிச்சிருந்தா இன்னும் மோசம்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவன் சதக், கல்யாணமான வருஷமே கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போய் இறந்தவன். சளியோடுதான் போனான். காதிலும் மூக்கிலும் ரத்தம் வழிய மேலே தூக்கினார்கள். வள்ளத்திலேயே உயிர் போயிற்று. வந்தவளின் ராசி என்று சொல்லி மாமியார் சல்மா அவளை வீட்டைவிட்டு அனுப்பினாள். காலிதாவும் அதை நம்பித்தான் இத்தனை நாள் கிடந்தாள்.

“அப்ப என்னாலயில்லையா டீச்சர்?”

காலிதா நடந்ததைச் சொல்லி முடித்ததும், ராமலெட்சுமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எதனால செத்தாருன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா, ஒருத்தி ராசியால காதுல ரத்தம் வராதும்மா.”

மறுநாள் காலிதா இன்னொரு டின்னோடு, சங்கு குளிக்கும் கொழுந்தன் ஹமீது சுல்தானையும் கூட்டிவந்தாள். டின் நசுங்கிய சத்தத்தில் அவன் கைகள் தாமாகக் காதைப் பொத்தின. முகம் வெளிறிவிட்டது.

“மதினி, எனக்கும் காதுக்குள்ள ஒரே இரைச்சல். உம்மாட்டகூடச் சொல்லல.”

“இனிமே இறங்காத. உன்னையும் அங்கன வள்ளத்துல கிடத்திப் பாக்க எனக்குத் தெம்பில்ல.”

ஹமீது அதோடு சங்கு குளிப்பதை விட்டுக் கருவாட்டு வியாபாரத்துக்குப் போனான். மகன் சொல்லி விஷயம் தெரிந்த சல்மா, ஒரு காலையில் ஆப்ப அடுப்பின் முன்னால் வந்து நின்றாள்.

“அறியாமப் பேசிட்டேன். வீட்டுக்கு வா, புள்ள.”

“பாத்துட்டுப் போக வாரேன் மாமி. இருக்க வர மாட்டேன்.”

காலிதா ஒரு பலகையை எடுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த ஆப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.