ஹாரன் நிற்காத காரில் பெண் பார்க்கப் போனது

அது நான் பெண் பார்க்கப் போன ஆறாவது வீடு. முந்தைய ஐந்து வீட்டிலும் ஒரே பதில்தான்: ஆள் கொள்ளாம், நல்ல ஆள்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லையே. எனக்கு நாற்பத்து நான்கு வயது. ரப்பர் வெட்டுகிற வேலை. மரங்களோடு நின்று பழகியவனுக்கு மனிதர் முகம் பார்த்துப் பேச வராது.

"இன்னைக்கும் நீ மிண்டாம இருந்தா, இனி நான் ஒன்கூட வரமாட்டேன். சத்தியமாக்கும்" என்று பாறசாலையில் காரில் ஏறும்போதே அக்காவின் கணவர் சொல்லிவிட்டார்.

கார் என்னுடையது. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிக் கழித்தது. காரோடு என்ற ஊரில் ஒரு குழியில் இறங்கியதும் ஹாரன் தானாக அலறத் தொடங்கியது. சாவியை உருவினேன். வண்டி நின்றது, ஹாரன் நிற்கவில்லை. ரிலே ஒட்டிக்கொண்டது என்று புரிந்தது. ஹாரனுக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற சின்னக் கறுப்புப் பெட்டி அது. பானெட்டுக்குள் அதே போல ஐந்து பெட்டிகள் உண்டு. எது ஹாரனுக்கு என்று தெரியாது.

"ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாக்கட்டா அத்தான்?"

"நேரம் போச்சு. வீடு அந்தத் திருப்பத்துலதான். ஓட்டுடே."

அலறிக்கொண்டே சந்துக்குள் போனோம். வீட்டுக்கு வீடு பெண்கள் சட்டியோடு இறங்கி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும். விடாமல் அடித்தால் மீன் நிறைய உண்டு என்று கணக்கு.

"எண்ணே, டிக்கியத் தொறங்க" என்றாள் ஒருத்தி.

புதுச் சேலை கட்டிய ஒருத்தியும் மண்சட்டியோடு ஓடி வந்து என் ஜன்னலில் குனிந்தாள். "சட்டுனு போடுங்க. வீட்டுக்கு ஆள் வருது. அயலயா, சாளயா?"

போட்டோவில் பார்த்த முகம். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

அத்தான்தான் கத்தினார்: "மீனில்ல மக்கா, மாப்பிளயாக்கும்!"

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க" என்றாள்.

பானெட்டைத் திறந்து பிடுங்கினேன். மூன்றாவது பெட்டியில் ஹாரன் அடங்கியது. சட்டிக்காரிகள் ஒருத்தியும் போகவில்லை. மாப்பிள்ளை பார்க்க நின்றுவிட்டார்கள்.

அவளுடைய அண்ணன் வெளியே வந்தார். "ஹாரனே சொல்பேச்சு கேக்காத வண்டியிலயா வந்திருக்கு?" என்று அத்தானிடம் கேட்டார். அவர் முகத்தில் ஆறாவது பதிலும் தெரிந்தது.

நான் குனிந்து பிளேடால் ரிலேயின் மூடியை நெம்பினேன். உள்ளே இரண்டு புள்ளிகள் உருகி ஒட்டியிருந்தன. நான் கேட்காமலே அவள் உள்ளே போய் உப்புத்தாள் எடுத்து வந்து தந்தாள்.

"எதுக்கு ஒட்டுது?" என்றாள்.

"தொடும்போதெல்லாம் பொறி பறக்கும். பொறி பறந்து பறந்து உருகிரும். உருகினா விடாது. பைய நெம்பிப் பிரிச்சு, கரியத் தேச்சு எடுத்தா, மறுபடி தொட்டுட்டு விட்டுரும். ஆனா ரொம்பத் தேய்க்கக் கூடாது, பொறவு தொடவே செய்யாது. இது கொஞ்ச நாளைக்குத்தான் ஓடும். புதுசு வாங்கிப் போடணும்…"

நான் நிறுத்தவே இல்லை. ரிலேயைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"மாப்பிள்ளைக்கு வாய் உண்டும்மா" என்றாள் ஒரு சட்டிக்காரி.

அண்ணன் சொன்னார்: "மாட்டி அமுக்கிப் பாருங்க."

மாட்டினேன். அமுக்கினேன். ஒரே ஒரு 'பீப்'. கையை எடுத்ததும் நின்றது. தெருக்கோடியில் இன்னும் இரண்டு பேர் சட்டியோடு வந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் நிஜ மீன்காரர் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். யாரும் திரும்பவில்லை. எல்லோரும் அண்ணன் வாயையே பார்த்து நின்றார்கள்.

அவள் மட்டும் போய் மீன் பெட்டியில் குனிந்தாள். அங்கிருந்தே, அண்ணனிடம் அல்ல, என்னிடம் கேட்டாள்: "அயலயா, சாளயா?"

"சாள" என்றேன், அவள் முகத்தைப் பார்த்து.

அத்தானுக்குச் சாளை ஆகாது. அது எனக்கு நினைவு வந்தது சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான்.