ஆணி அடிக்காத வீட்டுக்கு ஒரு நாமினேஷன்

சினிமா விருது விழாக்களை டிவியில் விடாமல் பார்க்கிறவள் நான். சிறந்த நடிகர், நடிகை, பாடகி என்று வரும்போது இடத்தை விட்டு அசைய மாட்டேன். கலை இயக்கம் என்று அறிவிக்கும்போது மட்டும் எழுந்துபோய் குக்கரை இறக்கிவிட்டு வருவேன். அந்தப் பிரிவை வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அதே பிரிவில் என் பெயர் வரும், வந்தபிறகு எனக்குச் சோறு இறங்காது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. படத்தின் பெயர், எடுத்த பெண்ணின் பெயர், எங்கள் பிளாக், தெரு, எதுவும் கிடையாது. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் எங்களுடையது அல்ல. பர்மனென்ட் வேலையில் இருக்கும் ஒருவருக்கு அலாட் ஆனது. தென்மாவட்டத்துக்காரர். வடலூரில் சொந்த வீடு கட்டிக் குடும்பத்தோடு போய்விட்டார். குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். அது கூடாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். செக்கிங்கில் பிடிபட்டால் அவருக்கு வேலையில் பிரச்சினை, எங்களுக்கு வீடு போய்விடும். என் கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி, கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. எங்கள் பெயரில் குவார்ட்டர்ஸ் கிடைக்காது. ஊரில் இருந்த வீடு சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தோடு சேர்ந்து போய்விட்டது. இதுவும் போனால் மூட்டை முடிச்சோடு நிற்க ஒரு மரத்தடி பார்க்க வேண்டியதுதான்.

அதனால் எங்கள் குடித்தனமே ஒரு தினுசாக இருக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. காலண்டர் டிவி மேல் சாய்ந்து நிற்கும். கண்ணாடி டிரங்குப் பெட்டி மேல் இருக்கும். துணி காயப்போடும் கயிறு ஜன்னல் கம்பியில் தொடங்கிக் கதவுத் தாழ்ப்பாளில் முடியும், கதவைத் திறக்க வேண்டுமென்றால் அவிழ்க்க வேண்டும். பாதிச் சாமான்களை அட்டைப்பெட்டியிலிருந்து நாங்கள் வெளியே எடுத்ததே இல்லை. யாராவது வந்து கிளம்பு என்றால் கிளம்ப வசதியாக இருக்கட்டும் என்பார் என் கணவர். வாசலில் கிடக்கும் செருப்பு வீட்டுக்காரருடையது, எங்கள் செருப்புகள் கட்டிலுக்கு அடியில் இருக்கும். நான் ஜாக்கெட் தைக்கும் மெஷின்கூடப் பின்னறையில்தான். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது.

வீட்டில் ஒரே ஓர் ஆணி உண்டு. வீட்டுக்காரர் அடித்தது. அதில் அவருடைய குடும்பப் படம் தொங்கியது. அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னால் ஸ்டூடியோக்காரர் மாட்டிய அருவித் திரை. யாராவது வந்தால் அந்தப் படத்தைக் காட்டி, இது சித்தப்பா வீடு, அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். சாவியோடு சேர்த்து அவர் கொடுத்த பாடம் அது. சமையல் செய்யும்போதெல்லாம் நான் அதைச் சொல்லிப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்தைத் துடைப்பேன். பூ மட்டும்தான் போடவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள், பாவம்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண் சென்னையில் சினிமா படித்தவள். சின்னப் பிள்ளையிலிருந்து என்னிடம் பாவாடை தைத்துக்கொண்டவள். ஒருநாள் டீ குடிக்க வந்தவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கதவ சாத்திகிட்டு எடுத்துடுவோம். வெளியில யாருக்கும் தெரியாது."

முடியாது என்றுதான் சொன்னேன். அவள் விடவில்லை. சின்னப் படம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். எனக்கும் ஒரு சபலம் இருந்தது, சினிமா எப்படித்தான் எடுக்கிறார்கள் பார்ப்போமே என்று. என் கணவர்தான் நிபந்தனைகள் போட்டார். கதவு நம்பர் வரக் கூடாது, தெரு வரக் கூடாது, எங்கள் பொருள் எதிலும் எங்கள் பெயர் தெரியக் கூடாது. முதல் நாளே நான் கேஸ் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, தாலுகா ஆபீஸ் காகிதம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். டிபன் கேரியரில் வெட்டியிருந்த என் பெயரைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

படமெடுக்க வந்த பிள்ளைகள் எதைத் தொட்டாலும், "அத நகத்தாதீங்க, வச்சது வச்ச மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரிந்தேன். ஒரு பையன் ஷாட்டுக்குத் தோதாக ஒரு ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வீட்டுப் பெண் சிரித்தாள்.

"எல்லாரும் அக்கா சொல்றத கேளுங்கப்பா. அவங்கதான் ஆர்ட் டைரக்டர்."

இத்தனை காபந்து பண்ணிய நாங்கள் ஒன்றை மறந்தோம். வீட்டுக்காரர் குடும்பப் படத்தைக் கழற்றவில்லை. மறந்தோம் என்றும் சொல்ல முடியாது, ஷூட்டிங்குக்கு முன்னால் நானே ஈரத்துணியால் துடைத்தேன். எங்களைக் காப்பாற்றுவது என்று எத்தனையோ வருஷமாக நினைத்திருந்த பொருள் அது. எங்கள் பெயர் உள்ளதை எல்லாம் ஒளிக்க வேண்டும், அவர் படம் தொங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கைக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தில் படம் முழுக்க நாலு பேரும் அருவிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த சினிமா விழா விழாவாக எங்கெங்கோ போனது, பிறகு செல்போனிலும் வந்தது. அதுவரை பெரிதாகப் பயமில்லை. ஒரு நாள் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"அக்கா! நாமினேஷன் வந்திருக்கு! பெஸ்ட் ஆர்ட் டைரக்‌ஷன்!"

"யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான்க்கா. டைட்டில்ல உங்க பேரத்தான் போட்டேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

தேர்வுக்குழு சொன்னதையும் படித்துக் காட்டினாள். சுவரில் ஒன்றைத் தவிர ஆணி இல்லை, காலண்டர் தொங்கவில்லை, பெட்டிகள் பிரிக்கப்படவில்லை, வேறு யாரோ ஒரு குடும்பத்தின் படம் மட்டும் இருக்கிறது. சொந்தமில்லாத இடத்தில் வாழ்கிறவர்களின் மனதைப் பொருட்களை வைத்தே சொல்லிவிட்டார்கள் என்று பாராட்டியிருந்தார்களாம். யாருக்கும் தெரியக் கூடாது என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்து, அதற்குக் கைதட்டுகிறார்கள்.

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"நடிச்சவங்களுக்கு குடுக்கக் கூடாதா? பாட்டுக்கு குடுக்கக் கூடாதா? வூட்டுக்கா குடுப்பாங்க?"

அதே கேள்விதான் எனக்கும். இப்போது யோசித்தால், கோடிக்கணக்கில் அரண்மனை கட்டியவர்கள் நடுவில் ஒரு பெயர்தெரியாத வீட்டை நிறுத்திய அந்தத் தேர்வுக்குழுக்காரர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. அன்றைக்கு அவர்களைத் திட்டாத திட்டு இல்லை.

எங்கள் வரிசையில் பாதிப்பேர் உள்வாடகைதான். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். சேதி தெரிந்ததும் ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கதவைச் சாத்தினார்கள், பிறகுதான் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். எதிர் வீட்டம்மா கேசரியைக் குழம்புக் கிண்ணத்தில் போட்டு, மேலே கறிவேப்பிலைக் கொத்தை வைத்து மூடிக்கொண்டு வந்தாள்.

"எங்க வூடும் இதே மாதிரிதான இருக்குது? பாத்துகினே இருந்தேன், அழுகையா வந்துது" என்றாள். உடனே குரலைத் தணித்து, "எங்க வூட்ட பத்தி எவன்கிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

உள்ளூர் சேனல்காரர் ஒருவர் வீட்டிலேயே வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்றார். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, வடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜூஸ் கடைக்கு வரச்சொன்னேன். இந்த யோசனை எப்படி வந்தது என்று மைக்கை நீட்டினார். தானாக வந்தது என்றேன். பேட்டி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் யாராவது என்னையே பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்து வீட்டுக்காரர் வந்தார். போன்கூடச் செய்யவில்லை. வந்தவர் நேராகத் தன் குடும்பப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னம்மா, இப்படிப் பண்ணிட்டிய? எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் செல்போனைக் காட்டி, இது உம் பொண்டாட்டிதானேன்னு கேக்கான். நான் என்ன சொல்லட்டும்?"

வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினார்.

"ஆபீஸ்லேருந்து ஒரு வார்த்தை வந்தாலும் அன்னைக்கே காலி பண்ணிரணும். எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துட்டு."

அவர் போனபிறகு சுவரைப் பார்த்தேன். படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்து, நடுவில் அந்த ஆணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருடைய படமாக இருந்தால் என்ன, எங்களுக்கென்று இருந்த காவல் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வாசலில் பைக் நின்றாலே மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்ப்பேன். குவார்ட்டர்ஸ் விஷயம் பார்க்கிறவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தபோது என் கணவர் முதல் ஷிப்டில் இருந்தார். நடுத்தர வயது, கையில் ஹெல்மெட். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"சித்தப்பா வூடுங்க. அவங்க ஊருக்குப் போயிருக்காங்க. நாங்க பாத்துக்கறோம்." பாடம் சரியாக வந்தது. காட்ட வேண்டிய படம்தான் சுவரில் இல்லை.

உள்ளே வந்தார். செல்போனை எடுத்து ஒரு காட்சியை ஓடவிட்டு என்னிடம் நீட்டினார். எங்கள் ஹால், எங்கள் பெட்டி, அருவிக்கு முன்னால் நாலு பேர். "இது இந்த வீடுதான?" என்றார்.

அந்த நேரத்தில் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. "அது செட்டுங்க சார்" என்றேன்.

"செட்டா?"

"ஆமாங்க. நான் போட்டது. அதுக்குத்தான் ஆர்ட் டைரக்‌ஷன் நாமினேஷன் குடுத்திருக்காங்க. நெஜ வூட்டுக்குப் போய் யாருங்க குடுப்பாங்க?" சுவரில் வெளுத்திருந்த சதுரத்தைக் காட்டினேன். "சித்தப்பா போட்டோவக்கூட செட்டுக்குன்னு கழட்டிகினு போனேன். இன்னும் வந்து சேரலைங்க."

அவர் சதுரத்தைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் டிவி, அதன்மேல் சாய்ந்திருந்த காலண்டர். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கயிறு, பெட்டிகள், எல்லாம் இருக்கின்றன. நான் இடமும் வலமும் அசையாமல் நின்றேன்.

அவர் செல்போனைப் பையில் போட்டார். "படம் பாத்தேம்மா. நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க செட்டுல ஒரு கொறை இருக்கு."

"சொல்லுங்க சார்."

"செவுத்துல ஒரே ஒரு ஆணிதான் இருக்கு. வருஷக்கணக்கா குடும்பம் நடத்துற வீடுன்னு காட்டுறாங்க. எந்தப் பொம்பள ஆணி அடிக்காம குடித்தனம் பண்ணுவா? எங்க வீட்ல செவுரே தெரியாது. அத நீங்க யோசிக்கலியே."

"அடுத்த படத்துல அடிச்சிடறேன் சார்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நிஜமாகவே நம்பினாரா, காலண்டரைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பைக் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீடு தப்பிய சந்தோஷம் வரவில்லை. அந்த மனிதர் கேட்ட கேள்விதான் காதில் இருந்தது.

விழாவுக்கு நான் போகவில்லை. டிவியில் பார்த்தேன், இந்த முறை குக்கரை மூன்றாம் விசிலிலும் இறக்காமல். அரண்மனை கட்டியவருக்கே விருது கிடைத்தது. திரையில் எங்கள் ஹால் ஒரு நொடி வந்துபோனது. மேடையில் அறிவித்த பெண்மணி என் பெயரைத் திருத்தமாகத்தான் படித்தாள். என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

நாமினேஷன் ஆனவர்களுக்கு ஒரு சான்றிதழ் தந்தார்களாம். கடைசி வீட்டுப் பெண் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். நல்ல தேக்கு நிறச் சட்டம், நடுவில் பெரிதாக என் பெயர். இந்த வீட்டுக்குள் என் பெயரை மறைக்காமல் ஒருவர் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

அவள் போனபிறகு கதவைத் தாழிட்டேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தை அந்த ஆணியில் மாட்டினேன். வெளுத்த சதுரத்தை அது அளவெடுத்துத் தைத்ததுபோல் மூடிக்கொண்டது. இறங்கி, எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? என் வீடு மாதிரியே இருந்தது.

வாசலில் ஏதோ பைக் வந்து நின்றது. ஸ்டூல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. ஏறிக் கழற்றி, பழைய சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தேன். கூரியர்காரர், அடுத்த வீட்டு நம்பரைக் கேட்டார்.