கற்படி உச்சியில் தேத்தண்ணி

பலெர்மோ நகரில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழ்ச் சனத்துக்குத் தெரியாமல் பெண் பார்ப்பது நடக்காத காரியம். பல்லாரோ சந்தைப் பக்கம் ஒருத்தி புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாலே, பின்னேரப் பூசை முடிவதற்குள் மாப்பிள்ளை யார் என்று கேட்டுவிடுவார்கள். எனக்கு முதலில் வந்த சம்பந்தம் அப்படித்தான், முகம் பார்க்க முன்னமே கதை பரவிக் குழம்பிப் போனது. அதனால் இரண்டாவதற்கு என் சின்னம்மா எட்னா எரிமலை அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கே தோட்டங்களுக்கு நடுவில், கறுத்த எரிமலைக் கல்லைப் படி படியாக அடுக்கிக் கட்டிய மேடைகள் நிற்கின்றன. கோவில் என்பாரும் உண்டு, கல்லறை என்பாரும் உண்டு. பலெர்மோவில் லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, தோட்டக்காரன் நிலத்தைத் துப்புரவாக்கிக் குவித்த கல் என்று ஒரே போடாகப் போட்டார். எவன் கட்டினால் என்ன, எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பதுதான் சின்னம்மாவுக்கு வேண்டியிருந்தது.

நானும் சின்னம்மாவும் ஒரு அடையாளமும் பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை பிடித்தால் என் கையாலேயே அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால், தலையிடி என்று சொல்லிவிட்டு நாங்கள் வந்த வான் வண்டிக்குள் போய் இருக்க வேண்டும். நான் பலெர்மோவில் இருந்து புறப்படும்போதே தலையிடியோடுதான் புறப்பட்டேன். மாப்பிள்ளையின் அக்கா டெலிபோனில், தம்பிக்கு எதற்கும் பயமில்லை என்று செபமாலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். வீரம் பேசுகிற ஆண்களை ஊரிலேயே போதும் போதும் என்று பார்த்தவள் நான். ஆயுள் முழுக்க இன்னொருவரைக் கட்டி அழ எனக்கென்ன தலைவிதியா?

மாப்பிள்ளை பக்கத்து நகரமான கத்தானியாவில் இருந்து புதுச் சப்பாத்தோடு வந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். ஏறிக் காட்டு தம்பி என்று அக்கா உசுப்பேற்ற, மனிதர் விறுவிறென்று கல்மேடையின் உச்சிக்கு ஏறிவிட்டார். நினைத்தது சரிதான், தலையிடியைத் தொடங்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

ஆனால் அவர் இறங்கவில்லை. முதலில் நின்றார், பிறகு குந்தினார், பிறகு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டார். தம்பி காற்று வாங்குகிறான் என்றார் அக்கா. எரிமலைக்கு முன்னால் கொளுத்துகிற வெயிலில் என்ன காற்று? சின்னம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அக்காவோ மூச்சு வாங்குகிற ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குதி உயர்ந்த செருப்பைக் கழற்றி எறிந்தேன், சேலையைத் தூக்கிச் செருகினேன். மயங்கி விழப் போகிறாரே என்று தேத்தண்ணிப் பிளாஸ்கையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். உள்ளங்கால் தோசைக்கல்லில் வைத்தது போல வெந்தது.

"ஏறேக்கை தெரியேல்லை. கீழை பார்த்தவுடனை கால் நடுங்குது. எனக்குச் சரியான பயம்," என்றார்.

சிரித்து மழுப்பவில்லை, என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன். அவர் கை ஆடியதால் கோப்பையை நானும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கீழே கைதட்டல் கேட்டது. சின்னம்மா அரியதரப் பலகாரப் பெட்டியைத் திறந்து அக்காவின் வாயில் ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அவை கை தட்டுகினம்?"

அடையாளத்தைச் சொன்னேன். மனிதரின் முகத்தில் மிச்சம் இருந்த இரத்தமும் வடிந்துவிட்டது.

"அது பிழையெல்லே. நீங்கள் இரக்கப்பட்டுத் தந்தனீங்கள். கீழை போய் வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பயந்தாங்கொள்ளி எண்டால் ஆரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம். இறங்கி முடியிற வரைக்கும் கையை மட்டும் விட்டிடாதேங்கோ."

நான் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தேன். இன்னும் இருந்தது. கோப்பையைத் திரும்ப நிரப்பி நீட்டினேன்.

"இதையும் குடியுங்கோ. இது இரக்கத்துக்கு இல்லை."

பிறகு இருவரும் ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்கினோம். நிலத்துக்கு வந்த பின்னும் அவர் என் கையை விடவில்லை. சின்னம்மாதான் தட்டிவிட்டார்.